நான் சொன்ன விரிசல்

ஜீப்பு பாறையில் மோதி வந்தால் பம்பரைப் பார்த்து நேரத்தை வீணாக்கக் கூடாது ஐயா. எல்லாரும் அங்கேதான் பார்ப்பார்கள். பம்பர் நசுங்கியிருக்கும், விளக்கு உடைந்திருக்கும், ரேடியேட்டர் ஒழுகும். அவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற காயம். அதனால் யாரும் சாவதில்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் பட்டை நகர்ந்திருக்கிறதா, இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கிற ராடு வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியாகச் சக்கரத்தைத் திருப்புகிற இரும்புக் கைக்கு வர வேண்டும். பட்டறையில் அதை ஆர்ம் என்போம். ஒரு சாண் நீளம்தான். அது ஒடிந்தால் ஸ்டேரிங் டிரைவர் கையில் இருக்கும், சக்கரம் அதன் இஷ்டத்துக்குப் போகும்.

இதைச் சொல்லக் காரணம், உங்கள் அறிக்கையில் ஒரு தப்பு இருக்கிறது. பள்ளத்தில் விழுந்து பாறையில் மோதியதால் வண்டியின் முன்பக்கம் உடைந்தது என்று, பார்க்க வந்த அதிகாரி எழுதியிருக்கிறார். ஏட்டய்யா எனக்கு வாசித்துக் காட்டினார். அதைத் திருத்தத்தான் வந்தேன். யாரும் என்னைப் பிடித்து வரவில்லை, நானாக நடந்து வந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சீனிச்சாமி. போடியில் முந்தல் போகிற ரோட்டில் பன்னிரண்டு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். போடிமெட்டு ஏறி இறங்குகிற ஜீப்பு எதுவானாலும் முன்பக்கம் அடிபட்டால் என்னிடம்தான் வரும். நான் ஓடும் என்றால் ஓடும். நிறுத்து என்றால் நிறுத்திவிடுவார்கள், முதலாளியே வந்து கேட்டாலும் சீனியண்ணன் சொல்லிவிட்டார் என்று டிரைவர்கள் சொல்வார்கள். சாப்பாட்டை விட எனக்கு அதுதான் பெரிது. அதை ஒளிக்க வேண்டியதில்லை.

புரட்டாசியில் வெள்ளைத்துரை வந்தான். சிலமலைக்காரன், முப்பது வயது இருக்கும். பழைய மிலிட்டரி ஜீப்பு ஒன்று வைத்திருந்தான். தினமும் காலையில் சிலமலைப் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போவான், காய் எடுக்க. இறக்கிவிட்டு வெறும் வண்டியாகக் கீழே வருவான். சாயங்காலம் மறுபடி போய்க் கூட்டி வருவான். அன்றைக்குத் தோட்டத்துப் பாதையில் உருண்டு கிடந்த பாறையில் இடது சக்கரத்தைக் கொண்டுபோய் விட்டிருந்தான். பெண்களோடு அப்படியே பட்டறைக்கு வந்து நின்றான். வண்டி இடதுபக்கம் இழுத்தது.

நான் படுத்துப் பார்த்தேன். ராடு வளைந்திருந்தது. ஆர்மில் சந்தேகம் வந்தது. அதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புத்தூளைத் தடவ வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் திரும்பக் கசிந்து, வெள்ளையில் கறுப்புக் கோடாகத் தெரியும். தெரிந்தது. மயிர் மாதிரி ஒரு கோடு, ஆர்மின் வேரில். நாலைந்து டிரைவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆர்ம்ல விரிசல் விட்ருச்சு" என்றேன். "பத்து நாள் தாங்காது. எறக்கத்துல ஏதாவது ஒரு வளைவுல ஒடிஞ்சு விழும். வண்டியை நிப்பாட்டு."

"சாமான் மதுரையிலருந்து வரணுமாண்ணே?"

"ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரம் நின்டா காயி செடியிலயே வெடிச்சுப் போகும்ணே. இந்தப் பொம்பளைகளுக்குச் சோலியும் போயிரும். ராடை மட்டும் நிமித்திக் குடுங்க, மத்ததச் சாமி பாத்துக்கிரும்."

மாட்டேன் என்றேன். அவன் கொல்லுப்பட்டறையில் ராடை அடித்து நிமிர்த்திக்கொண்டு போய்விட்டான். பெண்களும் அதே வண்டியில் ஏறிப் போனார்கள். ராக்கு என்ற ஒருத்தி மட்டும் ஏறவில்லை. ஒல்லியான பெண், கைவிரலெல்லாம் ஏலக்காய் எடுத்துக் கறுத்திருக்கும். "அண்ணன் சொல்லிட்டாரு, நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தே ஊருக்குப் போனாள். அன்றிலிருந்து பஸ்சில் மேலே போனாள். பஸ்சு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பாதி நாள் லேட்டாகப் போய், கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார். அப்படியும் அவள் அந்த ஜீப்பில் ஏறவில்லை.

பத்து நாள் ஆனது. இருபது நாள் ஆனது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் பொன்னுமணி டீக்கடையில்தான் ஆரம்பித்தது. "சீனியண்ணே எழவு சொன்ன வண்டி எம்புட்டு நல்லா ஓடுது பாருங்கப்பா" என்றான் ஒருவன். பிறகு அது ஒரு வாடிக்கையாகிவிட்டது. மலையேறுகிறவன் எல்லாம் என் பட்டறை வாசலில் வேகத்தைக் குறைத்து, "அண்ணே, என் வண்டியும் செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நூறு வருஷம் ஓடட்டும்" என்று கேட்பான். உள்ளே இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒருநாள் என் மனைவி சந்திரவல்லி சோறு போடும்போது அதே பேச்சைச் சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு ஒடிந்த அவள் மணிக்கட்டு இப்போது சேர்ந்து வருகிறது, எலும்பு கட்டுகிறவர் நன்றாகக் கட்டியிருக்கிறார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு பேசிக்கொள்ளவில்லை.

அதெல்லாம் தாங்கிக்கொண்டேன். இருபத்தைந்தாம் நாள் ராக்கு மறுபடியும் அந்த ஜீப்பில் ஏறினாள். பட்டறை வாசல் வழியாகத்தான் வண்டி போனது. அவள் என்னைப் பார்க்காமல் மடியில் இருந்த தூக்குச்சட்டியைப் பார்த்துக்கொண்டாள். என் வார்த்தையை நம்பியிருந்த கடைசி ஆள் அவள்தான். அன்றைக்கு எனக்கு நெஞ்சு வலித்தது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை, உண்மையிலேயே வலித்தது.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் மதியம் வெள்ளைத்துரை வண்டியைக் கொண்டுவந்தான். பிரேக் பிடிக்கவில்லை என்றான். கேலி செய்தாலும் வேலைக்கு என்னிடம்தானே வர வேண்டும். வண்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகுமுன் என் தோளைத் தொட்டான்.

"அண்ணே, பயலுக சும்மா வெளாட்டுக்குப் பேசுறானுக. நான் ஒண்ணுஞ் சொல்லலை. மனசுல வச்சுக்கிறாதீக."

"நான் எதையும் மனசுல வைக்கல. போய்ச் சாப்பிட்டு வா" என்றேன். அப்போது அது உண்மைதான்.

அவன் போன பிறகு ஆர்மை மறுபடி பார்த்தேன். அதே கோடு, அதே இடம், ஒரு நூல்கூட வளரவில்லை. ஓடுகிற வண்டியில் விரிசல் வளராமல் இருக்காது. அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தேன். கோடு மறைந்துவிட்டது. விரிசலாக இருந்தால் அரம் போட்டாலும் கீழே கீழே தெரிந்துகொண்டே இருக்கும். இது விரிசல் இல்லை. இரும்பை அச்சில் வைத்து அடிக்கும்போது மேல்தோலில் விழுகிற மடிப்பு. மண்ணெண்ணெய் மடிப்புக்குள்ளும் போய்க் கசியும். முதல் நாளே அரம் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் முதல் நாள் அத்தனை பேர் முன்னால் வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது.

கொஞ்ச நேரம் வண்டிக்கு அடியிலேயே படுத்திருந்தேன். எனக்கு இரண்டு வழி இருந்தது. டீக்கடையில் போய், சீனிச்சாமி சொன்னது தப்பு என்று சொல்லலாம். அல்லது சொன்னதைத் தப்பில்லாமல் ஆக்கலாம். என் இடத்தில் யாராக இருந்தாலும் யோசித்துத்தான் செய்திருப்பார்கள். நானும் யோசித்துத்தான் செய்தேன்.

புது ரம்பம் போட்டு, கோடு இருந்த அதே இடத்தில் முக்கால்வாசி அறுத்தேன். இடம் மாறக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அறுத்த வாயில் கிரீசையும் மண்ணையும் குழைத்துப் பூசினேன். பிறகு பிரேக்கைச் சரிசெய்தேன். அதை ஒழுங்காகத்தான் செய்தேன், அந்த வேலையில் குறை சொல்ல முடியாது.

மலை வண்டியில் கை வைத்தால் மெக்கானிக்கும் டிரைவரோடு முந்தல் வரைக்கும் போய், அடிவாரத்துக் கோயிலில் எலுமிச்சம்பழம் வைத்துச் சக்கரம் ஏற்றி நசுக்கிவிட்டு வருவது எங்கள் பழக்கம். பெண்களைக் கூட்டி வர அன்றைக்கு வேறொரு ஜீப்பை அனுப்பியிருந்ததால், அன்று சாயங்காலமும் போனேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் போனேன் ஐயா. சமதளத்தில் அது தாங்கும் என்று தெரியும். ஏற்றத்திலும் தாங்கும், பாரம் பின்னால் இருக்கும். இறக்கத்தில் பிரேக் மிதித்துத் திருப்பும்போதுதான் முழு எடையும் முன்னால் வந்து விழும். மறுநாள் காலை இறக்கத்தில் வெள்ளைத்துரை தனியாகத்தான் வருவான். பெண்கள் மேலே காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் ஒரு ஆள்தான் என்று எடுத்துக்கொண்டேன். கோயிலில் அவன் எனக்கும் சேர்த்துத் திருநீறு எடுத்துப் பூசிவிட்டான்.

மறுநாள் காலையில் வண்டி மேலே போனது. கொஞ்ச நேரத்தில் மலை தெரியவில்லை. அடிவாரம் வரைக்கும் மேகம் இறங்கிவிட்டது. பேச்சிமுத்து என்ற டிரைவர் தன் ஜீப்பை என் பட்டறை முன்னால் நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"மேல காத்தும் மழையுமா இருக்கும்ணே. காயி எடுக்க முடியாது. கங்காணி பொம்பளைகள அதே வண்டியில திருப்பி அனுப்பிருவாரு" என்றான்.

அவன் வண்டியில் ஏறி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரைமணி நேரத்தில் மேலே போய் நிறுத்தியிருக்கலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அதோடு இன்னொன்றும் யோசித்தேன். வெள்ளைத்துரை தனியாக விழுந்தால், தூங்கிவிட்டான், குடித்திருந்தான் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். உள்ளே ஆட்கள் இருந்தால் யாராவது ஒருத்தி பிழைத்து, ஸ்டேரிங் திருப்பியும் சக்கரம் திரும்பவில்லை என்று சொல்வாள். பேச்சிமுத்துவிடம், இன்னொரு டீ சொல்லு என்றேன்.

பதினோரு மணிக்குச் செய்தி வந்தது. ஒன்பதாவது வளைவு. கயிறு கட்டி இறங்கினவர்களில் நானும் ஒருவன். வண்டி இரண்டு பாறைக்கு நடுவில் தலைகுப்புறக் கிடந்தது. வெள்ளைத்துரையின் நெஞ்சு ஸ்டேரிங் கம்பியோடு சேர்ந்து பின் சீட்டுக்குள் போயிருந்தது. பாண்டியம்மாள் என்ற பெண்ணுக்குத் தலை இருந்த இடத்தில் சேலைத் தலைப்புதான் இருந்தது. வேலுத்தாயின் ஒரு கால் மேலே ஒரு மரத்தில் மாட்டியிருந்தது, அதை எடுக்க ஆள் ஏற வேண்டியிருந்தது. தூக்குச்சட்டிகள் திறந்து சோறும் ரத்தமும் மழையில் ஓடின. செத்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். பிழைத்தவர்கள் ஆறு பேர். அவர்கள் இன்னும் பேசுகிற நிலையில் இல்லை என்று கேள்விப்பட்டேன்.

எல்லாரும் உடல்களைத் தூக்கினார்கள். நான் இடது சக்கரத்துக்குப் போனேன். வழியில் ராக்கு கிடந்தாள். இடுப்புக்குக் கீழே வண்டி அழுத்திக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது. "அண்ணே, தண்ணி" என்றாள். என்னிடம் தண்ணீர் இருந்தது. பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அவளைத் தாண்டிப் போனேன். ஆர்ம் ஒடிந்திருந்தது. வேரில், நான் சொன்ன அதே இடம். அறுத்த பக்கம் மழுங்கலாகவும், மீதிப் பக்கம் புதிதாக ஒடிந்து மணல் மாதிரியும் இருந்தது. ரம்பத்தின் வரி தெரியாமல் ஒரு கல்லால் தேய்த்துவிட்டேன். அதைச் செய்யாமல் இருந்திருந்தால் உங்கள் அதிகாரி ஏமாந்திருக்க மாட்டார், அது என் பிசகு. அதிகம் போனால் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தபோது ராக்குக்குக் கண் மூடியிருந்தது, உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"நீங்க சொன்னது சரிதாண்ணே" என்றாள். "நான் ஏறியிருக்கக் கூடாது."

பிறகுதான் தண்ணீரை ஊற்றினேன். உள்ளே போகவில்லை.

ஆகவே வண்டி விழுந்து உடையவில்லை, உடைந்துதான் விழுந்தது. ஸ்டேஷன் வாசலில் கிடக்கிற அந்த ஆர்மை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துச் சுண்ணாம்பு தடவுங்கள், நான் தேய்த்ததை மீறி ரம்ப வரி தெரியும். நான்தான் அறுத்தேன். தூக்கோ எதுவோ, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அறிக்கையில் மட்டும் இடது சக்கரம், ஆர்ம், வேரில் ஒடிந்தது, இறக்கத்தில் ஒரு வளைவில் என்று எழுதுங்கள், புரட்டாசியிலேயே சீனிச்சாமி சொன்னபடி. ராக்கு சொன்னதையும் அதில் சேர்த்துவிடுங்கள் ஐயா. கேட்டவன் நான் ஒருவன்தான், நானே போய் டீக்கடையில் சொன்னால் நன்றாக இருக்காது.