எழுப்பிய கையை இறக்கிவிடும் நொதி

தலைமை தாங்கும் துறைத்தலைவர் அவர்களே, முட்டிவலியோடு மாடி ஏறி வந்த பெரியோர்களே, முந்தானையால் முகம் துடைக்கும் தாய்மார்களே, என் தங்கச்சியோடு இந்த ஆய்வுக்கூடத்தில் நின்றே காலம் கழித்த தோழர்களே, அனைவருக்கும் இந்த மைக் செட்டுக்காரனின் வணக்கம்!

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஊருக்கெல்லாம் மைக் கட்டிய நான் இதுவரை அதில் பேசிய ஒரே பேச்சு, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்." சிரியுங்கள், பரவாயில்லை. இரங்கல் கூட்டம்தான், ஆனால் படத்தில் அவளே சிரிக்கிறாளே!

அவள் ஆராய்ந்தது ஒரு நொதியை. "உனக்குப் புரியாதுண்ணே" என்பாள். "புரியிற மாதிரி சொல்ல உனக்குத் தெரியலன்னு சொல்லு" என்பேன். சீண்டிச் சீண்டி வாங்கிய பாடம் இது.

செல்லுக்குள் கால்சியத்தைப் பூட்டிவைத்த அறை ஒன்று உண்டு. வெளியிலிருந்து சேதி வந்தால், உள்ளே ஒரு கை போய் இந்த நொதியைத் தட்டி எழுப்பும். எழுந்த நொதி, செல்லின் சவ்விலிருந்து ஒரு துண்டை வெட்டும். அந்தத் துண்டுதான் தூதன்! தூதன் ஓடிப் பூட்டைத் திறப்பான், கால்சியம் பாயும், தசை சுருங்கும், சுரப்பி சுரக்கும்.

பாய்ந்துகொண்டே இருந்தால்? ஸ்பீக்கர் பெட்டியின் சத்தம் திரும்பவும் மைக்கில் புகுந்தால் 'கூ'வென்று அலறுமே, அந்த அலறல்தான். செல் செத்துப்போகும். யார் நிறுத்துவது?

"அதாண்ணே அழகு. எழுப்பிவிட்ட கைய அந்த நொதியே இறக்கி விட்டுடும். வேலைய செஞ்சுக்கிட்டே, தன்ன நிறுத்தவும் ஏற்பாடு பண்ணிக்கும்."

அந்தக் கையை இறக்கத் தெரியாத செல்களைத் தேடித் தேடிச் சேர்த்தாள். அவற்றுக்கு ஏன் தெரியவில்லை என்று கண்டுபிடிப்பதற்குள் போய்விட்டாள். வேலை முடியவில்லை, அவள்தான் முடிந்துபோனாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாக என்ன கேட்டாள் தெரியுமா? 'சாப்பிட்டியா' என்றா? இல்லை. "ஃப்ரீசர் ஓடுதாண்ணே?"

அந்தக் குளிர்பெட்டியில்தான் அவள் செல்கள் உறைந்து கிடக்கின்றன. அறையைக் காலி செய்யப் போகிறார்களாம். செய்யுங்கள்! நாற்காலியைத் தூக்குங்கள், பெயர்ப்பலகையைக் கழற்றுங்கள், ஸ்க்ரூ டிரைவரை நானே தருகிறேன். ஆனால் அந்தப் பெட்டியை நிறுத்தாதீர்கள்! அவள் மாணவி அந்த வேலையை முடிக்கும்வரை நிறுத்தாதீர்கள்! நின்றுபோனது ஒன்று போதாதா?

தலைவர் தலையாட்டுகிறார். வாயால் சொல்லுங்கள் ஐயா, மைக் இருக்கிறது.

"நிறுத்த மாட்டோம்பா."

கேட்டீர்களா! கைதட்டுங்கள்!

என்னம்மா, மேடைக்கே ஓடி வருகிறாய்? இவள்தான் அந்த மாணவி. மைக்கிலேயே சொல்லும்மா.

"சார், மைக்குக்கு கரண்ட் எங்கருந்து எடுத்தீங்க?"

மேடையில் பிளக் பாயின்ட் வேலை செய்யவில்லை. பின்பக்க ஜன்னலில் கையை விட்டு, அங்கே சொருகியிருந்த எதையோ கழற்றிவிட்டு, நம்முடையதைச் சொருகினேன். எங்கள் தொழிலில் அப்படித்தான் செய்வோம். யாருடைய அறை என்று எட்டிப்பார்க்கவில்லை.

பெரியோர்களே, அந்தக் குளிர்பெட்டி இன்னும் சில்லென்றுதான் இருக்கிறதாம். தாய்மார்களே, நான் இப்போது ஒரு பிளக்கைக் கழற்றப் போகிறேன். அதன்பிறகு என் குரல் பின்வரிசைக்குக் கேட்காது. ஆகவே நன்றியையும் வணக்கத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.