பிளாஸ்க்கில் வந்த பதினோரு முட்டை

சத்தியசீலன்: ...அப்ப மாட்டோட முட்டைப்பைய ஐஸ் பெட்டியில வைக்கல?

ரோகினி: வைக்கல, டாக்டர்.

சத்தியசீலன்: லுக்குட்லேருந்து சிரம்பான் வரைக்கும்? மோட்டர் சைக்கிள்ல?

ரோகினி: என் காப்பி பிளாஸ்க்குல. வெதுவெதுப்பான உப்புத் தண்ணி ஊத்தி.

சத்தியசீலன்: அலாமா! இது லேப்பா, காப்பிக் கடையா? நம்ம ரூல் என்ன?

ரோகினி: "வெளியிலேருந்து வர்றது எல்லாம் ஐஸ்ல வரணும்." நீங்க செவுத்துல ஒட்டுனது. தப்பு ரூல்.

சத்தியசீலன்: என்னது?

ரோகினி: தப்பு ரூல்லா! இறைச்சிக்குத்தான் ஐஸ். முட்டையச் சுத்திக் குட்டிக் குட்டியா செல்லு ஒட்டிக்கிட்டு இருக்குல்ல... அதுதான் முட்டைக்கு ஊட்டி விடுது. குளுரு பட்டா கைய விட்டுடும். அப்புறம் முட்டை எங்க பழுக்கும்?

சத்தியசீலன்: லேப் உதவிக்கு வந்தவ, எனக்கே பாடமா? பத்து வருஷமா நான்...

ரோகினி: பத்து வருஷம் சரி. இந்த மாசம் உங்க ஐஸ் முட்டையில எத்தன பழுத்துச்சு?

சத்தியசீலன்: வாய் ரொம்ப நீளுது. யாரு மாடு அது?

ரோகினி: மங்கம்மா அக்காவோடது. எஸ்டேட்ல மாடே இருக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் தொரத்துனாங்கல்ல... அக்கா மட்டும் முடியாதுன்னு ஒத்த மாட்ட வெச்சிருந்துச்சு. நேத்து மத்தியானம் லோரி அடிச்சு, ஹாபிஸ், செத்துப் போச்சு.

சத்தியசீலன்: பாவம்தான். அதுக்கு?

ரோகினி: ஒரு கன்னுகூட இல்ல, டாக்டர். அந்த வம்சமே அதோட முடியுது. "வயித்தக் கிழிச்சாச்சும் ஒண்ணக் காப்பாத்திக் குடுடி"ன்னு என் கையப் புடிச்சு அழுதுச்சு. பதினோரு முட்டை கெடச்சுது. இங்க பழுக்க வெச்சு, காளையோட விந்து சேர்த்து, வேற மாட்டு வயித்துல வெச்சா கன்னு கெடைக்கும். வாக்குக் குடுத்துட்டேன்.

சத்தியசீலன்: வாக்குக் குடுக்க நீ யாரு? அனுமதி இல்லாத மாடு. இன்குபேட்டர்லேருந்து எடு.

ரோகினி: மாட்டேன்.

சத்தியசீலன்: ரோகினி...

ரோகினி: வேலைய விட்டுத் தூக்குங்க. நான் எடுக்க மாட்டேன்.

சத்தியசீலன்: தள்ளு, நானே எடுக்கிறேன். ஒரு நாள் முழுசா ஆச்சுதான?

ரோகினி: ஆச்சு. என் முட்டைத் தட்டும், ஐஸ்ல வந்த உங்க முட்டைத் தட்டும் ஒரே நேரத்துலதான் உள்ள போச்சு.

சத்தியசீலன்: நல்லதாப் போச்சு. ரெண்டையும் மைக்ரோஸ்கோப்புல வெச்சே காட்டுறேன். மொதல்ல என்னோடது, ஐஸ்ல வந்தது... அடேயப்பா! வந்து பாருலா! சுத்தியிருக்கிற செல்லு எல்லாம் பொரி மாதிரி எப்படி உப்பிப் பரவியிருக்கு! ஏழு... எட்டு... ஒம்போது!

ரோகினி: அப்படி உப்புனா முட்டை பழுத்துருச்சுன்னு அர்த்தம்தான?

சத்தியசீலன்: வேற என்ன? இப்ப உன் மங்கம்மா தட்டு... ச்சு! ஒட்டிச் சுருங்கிக் கெடக்கு. ஒண்ணுகூட விரியல. பிளாஸ்க்காம் பிளாஸ்க்கு!

ரோகினி: நல்லாப் பாத்துட்டீங்களா?

சத்தியசீலன்: ரெண்டு தடவ பாத்துட்டேன். இனிமே என் ரூலப் பத்திப் பேசுவ?

ரோகினி: பேசுவேன்.

சத்தியசீலன்: திமிரு! இந்தா... குப்பையில கொட்டியாச்சு. இப்ப என்ன செய்வ?

ரோகினி: ஒண்ணும் செய்ய மாட்டேன், டாக்டர். அனுமதி இல்லாத மாட்டோடதுன்னு தெரிஞ்சா கொட்டிடுவீங்கன்னு தெரியும். அதான் நேத்தே ரெண்டு தட்டுலயும் பேர மாத்தி ஒட்டிட்டேன். குப்பையில கெடக்கிறது உங்க ஐஸ் முட்டை. நீங்க எண்ணிச் சொன்ன ஒம்போதும் எங்க அக்கா மாட்டோடது!