உள்ளிருந்து பதில் வரவில்லை

பகல் பதினொரு மணிக்கு எந்தத் தெருவும் நல்ல தெருவாகத்தான் இருக்கும். அடிக்கிறவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், அடிபடுகிறவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பார்கள். கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கள ஆய்வாளராக இருந்த நான்கு வருடங்களில் நான் பெரும்பாலும் பதினொரு மணிக்குத்தான் வீடுகளுக்குப் போனேன். அதனால் உலகத்தைப் பற்றி எனக்குக் கெட்ட அபிப்பிராயம் எதுவும் இல்லை.

என் வாக்குமூலத்தை நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளலாம். நான் படிவங்களோடு வாழ்ந்தவன், எழுதுகிறவருடைய கை வலிக்கும் என்று தெரிந்தவன்.

என் வேலை சுலபமானது. யாராவது தொலைபேசியில் புகார் சொல்வார்கள். அது ஒரு கோப்பாக என் மேசைக்கு வரும். நான் வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பார்த்து, பார்த்ததை எழுத வேண்டும். ஆபத்து என்று தோன்றினால் குழந்தையைக் கையோடு கூட்டிவர வேண்டும். கூட்டிவந்தவர்தான் காப்பகத்தில் இடம் கிடைக்கும்வரை அந்தக் குழந்தைக்குப் பொறுப்பு. எங்கள் காப்பகங்களில் இடம் கிடைப்பதைப் பற்றி அலுவலகத்தில் ஒரு ஜோக் உண்டு. ஒரு குழந்தைக்கு இன்று இடம் கேட்டு எழுதினால், அது தன் பிள்ளையைச் சேர்க்கும் சமயத்தில் அனுமதி வந்துவிடும்.

ஆரம்பத்தில் நான் கூட்டிவந்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி இருவர், ஒன்பது வயது, ஐந்து வயது. இடம் இல்லை. ஆறு நாட்கள் எங்கள் ஆவண அறையில் இரண்டு பீரோக்களுக்கு நடுவே படுத்திருந்தார்கள். சின்னவன் பொழுது போகாமல் ஒரு கோப்பின் அட்டையில் யானை வரைந்துவிட்டான். எனக்கு மெமோ வந்தது. யானை ஏன் வரையப்பட்டது என்று மூன்று நாட்களுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். ஆறாம் நாள் அதே அப்பா வந்து, இனிமேல் அடிக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போனார். பெரியவன் வாசலில் நின்று, விருந்தாளி மாதிரி, "போயிட்டு வரோம் சார்" என்றான்.

அதன் பிறகுதான் பதினொரு மணியைக் கண்டுபிடித்தேன்.

எங்கள் விதிப்புத்தகத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. வெவ்வேறு நாட்களில் மூன்று முறை போய், மூன்று முறையும் வீடு பூட்டியிருந்தால், கோப்பை முடித்துவிடலாம். அந்த விதியை நான் எழுதவில்லை. யாரும் இல்லாத நேரத்தில் போகக் கூடாது என்று அதில் எங்கும் சொல்லவும் இல்லை. வெயிலில் நடந்து போய், தட்டிவிட்டு, நேரம் குறித்துவிட்டு வருவேன். நான் ஒருபோதும் பொய் எழுதியதில்லை. என் சகாக்கள் சிலர் டீக்கடையில் உட்கார்ந்தபடியே மூன்று முறை போய்வந்தார்கள். அவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம்.

இந்தக் கோப்பு ஒரு பள்ளி ஆசிரியையிடமிருந்து வந்தது. ஏழு வயதுப் பெண் குழந்தை. அம்மா இல்லை. அப்பா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் இருபத்தைந்து நாள் வெளியூர். வீட்டில் இருப்பது அப்பாவின் அக்கா, குழந்தைக்கு அத்தை, ஒரு மருத்துவமனையில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை.

"வகுப்புல அதுக்குப் பேரே வாயாடி சார்" என்றார் ஆசிரியை. "பாடம் நடத்த விடாது. திடீர்னு ஒரு நாள் முழுக்கைச் சட்டை போட்டுட்டு வந்து உட்காந்துச்சு. கைய மடிச்சு விட்டுப் பாத்தேன், இஸ்திரிப் பெட்டியோட முனை அப்படியே பதிஞ்சிருக்கு. மறுநாள்லேருந்து பள்ளிக்கூடத்துக்கே அனுப்பலை. தயவு பண்ணி சீக்கிரம் போங்க."

சீக்கிரம் போனேன். மறுநாளே, செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்கு. மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை வீடு. கதவில் பெரிய பூட்டு. எதிரே ஒரு பெண்மணி வாசலில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"யார் வேணும் தம்பி?"

"குழந்தைங்க பாதுகாப்பு ஆபீஸ்லேருந்து வரேங்க அக்கா."

"அப்பாடா. நானே போன் பண்ணலாம்னு இருந்தேன். அந்தப் பொம்பள காலையில ஏழு மணிக்குப் பூட்டிட்டுப் போனா சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவா. அப்போ வந்து நாலு கேள்வி கேளுங்க."

ஆறு மணி என்பது அலுவலக நேரம் இல்லை என்று விளக்கினேன். அவர் ஊசியில் நூல் கோத்தபடி என்னைப் பார்த்தார். "ஆமாமா, பிள்ளைங்கள அடிக்கறவங்க ஆபீஸ் டைம்லதான் அடிக்கணும்" என்றார். நகைச்சுவை உணர்வு உள்ளவர். 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் முறை வெள்ளிக்கிழமை. அன்று தையல்கார அக்கா வாசலில் இல்லை. நான் தட்டினேன். உள்ளேயிருந்து, கதவுக்கு மிக அருகில், ஒரு குரல் கேட்டது.

"யாரு?"

குழந்தையை வேறெங்கேயாவது விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். வெளியே பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருப்பது படிவத்துக்குப் புதிது.

"ஆபீஸ்லேருந்து வரேன்மா."

"எந்த ஆபீஸ்?"

"குழந்தைங்களப் பாத்துக்கற ஆபீஸ்."

"என்னப் பாத்தாச்சா?"

"எங்க பாக்கறது? பூட்டியிருக்கே."

"நான் உங்கள பாத்துட்டேனே. கதவுல கீழ ஒரு ஓட்டை இருக்கு. கறுப்பு ஷூ. ஒரு லேஸ் அவுந்திருக்கு."

குனிந்து பார்த்தேன், அவிழ்ந்துதான் இருந்தது. கட்டிக்கொண்டேன்.

"உங்க பேரு ஆபீஸ் மாமாவா?"

"அப்படியே வெச்சுக்கோ. கை எப்படி இருக்கு?"

"நாத்தம் அடிக்குது மாமா. அத்தை கிட்ட வராதேங்கறாங்க. மூக்கப் பொத்திக்கிட்டேதான் தட்டை நீட்டறாங்க." இதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

படிவத்தில் காயத்துக்கு ஒரு பகுதி உண்டு. குழந்தையை நேரில் பார்த்தால் மட்டும் நிரப்ப வேண்டும் என்று அதன் தலைப்பிலேயே போட்டிருக்கிறது. நான் பார்க்கவில்லை. அதனால் அந்தப் பகுதியில் கோடு இழுத்தேன்.

இரண்டு வருகை முடிந்த கோப்பை மேற்பார்வையாளர் அம்மாவிடம் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய மேசையில் அப்போது அறுபத்திரண்டு கோப்புகள் இருந்தன, மாதக் கடைசிக்குள் நிலுவை பூஜ்யம் ஆக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

"தம்பி, இது பழைய படிவம். புதுசுல பத்தாவதா ஒரு கேள்வி சேத்திருக்காங்க பாருங்க" என்று ஒரு தாளை நீட்டினார். 'கதவைத் தட்டியபோது உள்ளிருந்து ஏதேனும் பதில் வந்ததா?'

"வந்துச்சுங்க மேடம்."

"வந்துச்சுன்னு போட்டா பூட்டை உடைக்கப் போலீசுக்கு எழுதணும். உடைச்சா குழந்தையக் கூட்டிட்டு வரணும். கூட்டிட்டு வந்தா எங்க வைக்கறது? உங்க யானை போட்ட கோப்பு இன்னும் அந்த பீரோமேலதான் இருக்கு."

"வரலைன்னு பொய் எழுத முடியாதுங்க மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரு பொய் எழுதச் சொன்னா? இன்னொரு தடவை போகணும்ல, போயிட்டு வாங்க. அன்னிக்கு என்ன நடக்குதோ அத எழுதுங்க."

அடுத்த வாரம் வியாழக்கிழமை போனேன். அன்றைக்குப் பத்தரைக்கே போய்விட்டேன், கொஞ்சம் பேச வேண்டியிருந்ததால். கதவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"ஆபீஸ் மாமா, நீங்கதானே? லேஸ் கட்டியிருக்கீங்க."

"ஆமா. ஒரு விளையாட்டு விளையாடலாமா?"

"ம்."

"நான் தட்டுவேன். நீ பதில் பேசக் கூடாது. நான் மட்டும் இல்ல, யாரு தட்டினாலும், யாரு கூப்பிட்டாலும் பேசக் கூடாது. சிரிக்கக் கூடாது, நகரக் கூடாது."

"எதிர் வீட்டு அக்கா கூப்பிட்டாக்கூடவா?"

"அக்கா கூப்பிட்டாலும்."

"ஐயோ, கஷ்டமாச்சே. எவ்ளோ நேரம்?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும். பேசாம இருந்தா நீ ஜெயிச்ச மாதிரி."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா உன்ன வெளிய கூட்டிட்டுப் போவேன்."

இதுதான் நான் சொன்னது. தையல்கார அக்கா அன்றும் வாசலில் இல்லை; பிறகு தெரிந்துகொண்டதை வைத்து அவர் கொடுத்து, உங்கள் கையில் இருக்கும் வாக்குமூலத்தில் எப்படி இருக்கிறதோ தெரியாது. குழந்தையை மிரட்டியதாக அவர் சொல்லியிருந்தால் அது தவறு. நான் குரலை உயர்த்தவே இல்லை.

பிறகு எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, மூன்று முறை தட்டினேன். "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று விதிப்படி உரக்கக் கேட்டேன். ஒரு நிமிடம் காத்திருந்தேன். பத்தாவது கேள்விக்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். அது உண்மை. மாடிப்படியைத் தாண்டிவரும்போது, போதும் என்று சொல்லவில்லையே என்று நினைவு வந்தது. திரும்பிப் போய்ச் சொல்லியிருப்பேன். ஆனால் சொன்னால் அவள் உடனே பேசுவாள், வாயாடி. அப்போது எழுதிய பதில் பொய்யாகிவிடும். நான் பேருந்து ஏறினேன். கோப்பு அன்று மாலையே முடிக்கப்பட்டது.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், ஆவணத்தில் இடைவெளி இருக்கக் கூடாது.

சனிக்கிழமை மாலை அத்தை ஒரு பையோடு கிளம்பி, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனார். உள்ளே ஒரு ரொட்டிப் பொட்டலமும் ஒரு குடம் தண்ணீரும் வைத்துப் பூட்டியிருக்கிறார். ஒரே நாளில் வந்துவிடுவதாகத்தான் உத்தேசம் என்கிறார். வெள்ளிவரை வரவில்லை. தையல்கார அக்கா அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே குழந்தையின் குரல் கேட்காததால், அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை ஒரு இருமல் கேட்டிருக்கிறது. தட்டினார், கூப்பிட்டார், கதவு ஓட்டை வழியாகப் பார்த்தார், உள்ளே இருட்டு, பதில் இல்லை. எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தார். கோப்பு முடிந்துவிட்டதால் புதிதாகப் புகார் எழுதித் தரச் சொன்னார்கள். புதன்கிழமை காவல் நிலையத்துக்குப் போய், ஒரு காவலரைக் கையோடு கூட்டி வந்தார். அவரும் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை காலை அக்காவே, தெருமுனையில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டு, கடப்பாரையால் பூட்டை உடைத்தார்.

குழந்தை கதவுக்குப் பின்னாலேயே கிடந்தாள். கதவு முழுதாகத் திறக்க முடியாத அளவுக்குப் பக்கத்தில். காய்ச்சல் கொதித்தது. கை முழங்கைவரை வீங்கியிருந்தது. இன்னொரு கையால் வாயைப் பொத்தியிருந்தாளாம்.

"ஏன்டி கண்ணு, நான் அவ்ளோ கூப்பிட்டேனே, ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா" என்று அக்கா மடியில் போட்டுக்கொண்டு கேட்டிருக்கிறார்.

அவள் விரலுக்கு நடுவிலிருந்து, "ஆபீஸ் மாமா இன்னும் போதும்னு சொல்லலை" என்றிருக்கிறாள்.

மருத்துவமனையில் சேர்த்தபோது மணி பதினொன்று. புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். மூன்று மணிக்கு முடிந்துவிட்டது. அத்தை மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள். சூடு வைத்தது அவர், பூட்டியது அவர். சரியான நடவடிக்கை.

என்னைப் பொறுத்தவரை நீங்கள் கேட்டது அந்த வியாழக்கிழமையைப் பற்றி மட்டும்தான். நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள், நானே சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை அந்தக் காவலர் கதவின் முன்னால் நின்றபடி எனக்குத் தொலைபேசி செய்தார். எண்ணை எங்கள் அலுவலகத்தில் வாங்கி அக்கா கொடுத்திருக்கிறார்.

"சார், நல்லாத் தட்டிப் பாத்துட்டேன். உள்ள ஆள் இருக்கற மாதிரியே தெரியல. நீங்க இந்த வீட்டுக்கு வந்திருக்கீங்களாமே?"

"மூணு தடவை வந்தேன்."

"இதே மாதிரிதானா?"

"கடைசித் தடவை தட்டினப்போ பதில் வரலைங்க."

"அப்போ பூட்டை உடைக்க வேண்டாம்ல? உடைச்சு உள்ள ஒண்ணும் இல்லன்னா எனக்கு வேலை போயிடும் சார்."

பின்னால் அக்கா எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டுவது கேட்டது. அவர் வாயை அடைக்கவோ என்னவோ, காவலர் கைபேசியைக் கையில் பிடித்தபடியே இன்னொரு முறை தட்டினார். எனக்கும் கேட்டது. அந்தத் தெருவில் நின்றிருந்த யாருக்கும் உள்ளே அவள் இருப்பது நிச்சயமாகத் தெரியாது. எனக்குத் தெரியும். கைபேசியைக் கதவருகில் வைக்கச் சொல்லி ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உடைக்க வேண்டாம் என்றேன்.

வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை, சொன்னால் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.