ஐஸ் பெட்டியில் சீரம்

காரைக்கால் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் மீன் விற்கும் பெண்கள் இருவர். இளையவள் சொன்னாள்:

“அக்கா, வஞ்சிரத்துக்கு அடியில என் சீரம் இருக்கு. மீனோட சேத்து வித்துடாதீங்க.”

“ஐஸ் பெட்டியிலயா?”

“வைட்டமின் சி சீரம்க்கா. வெயில் பட்டா வீணாயிடுமாம், குளிர்ச்சியா வைக்கணுமாம். மருந்துக்கடையில இருந்ததுலயே வெல கம்மி இதுதான். மூஞ்சில பூசுனா சுருக்கம் தெரியாதாம்.”

“யாருக்குடி இந்தப் பாடு?”

“மீன்பிடித் தடைக்காலம் வருதுல்ல? மத்த நாள்ல எங்க வீட்டுக்காரரு விடியுறதுக்குள்ள கடலுக்குப் போயிடுவாரு. இனி ரெண்டு மாசம் போட்டு கடலுக்குப் போகாது, பகல் பூரா வீட்லதான் இருப்பாரு. போன தடைக்காலத்துல என் மூஞ்சியப் பாத்துட்டு, ‘என்னடி, கெழவியாயிட்ட?’ன்னாரு.”

மூத்தவள் இறங்கும்போது பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்:

“அவரு மூஞ்சி மட்டும் என்ன, கருவாடாட்டம் காஞ்சு கெடக்கு. பெரிய பாட்டிலா வாங்கி மொதல்ல அவருக்குப் பூசிவிடு.”