ஒட்டாத கோடு

மழை நாள். மாலை ஏழு மணி. ஆலைக்குப் பின்னால் ஒரு சந்து... ஈ காக்கை கிடையாது. என் நண்பனுடைய அத்தான் அதில் தனியாகச் சைக்கிள் ஓட்டிவந்தார். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். பேய் என்றால் கேலி பேசுகிற மனிதர். கிட்டே வந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் பொது வரைபடம் ஒன்று இருக்கிறதல்லவா, அவருக்கும் அவர் மனைவிக்கும், அதாவது நண்பனின் அக்காவுக்கும், அதில் பைத்தியம். அக்கா பாதைகளைச் சைக்கிளில் ஓட்டிப் பார்த்து வருவாள். அத்தான் கணினியில் கோடு போடுவார். இந்தச் சந்து மட்டும் அவள் ஓட்டிப் பார்க்காதது. அத்தானே செயற்கைக்கோள் மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தார்.

தன் தங்கையின் புது வீட்டுக்கு அக்கா சைக்கிளில் கிளம்பிய அன்றும் மழை.

"பெரிய ரோடு பக்கமே போகாத. ஜிபிஎஸ் சந்து வழியா கூட்டிட்டுப் போயிடும்" என்றார் அத்தான்.

அது பெரிய ரோட்டைத்தான் காட்டியது. லாரி... அவ்வளவுதான்.

உறவுக்காரர்கள் எல்லாம் போன பிறகு அத்தான் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சந்தின் கோடு தெருவின் கோட்டைத் தொடவே இல்லை. மயிரிழை இடைவெளி. ஜிபிஎஸ் கருவிக்கு அது சுவர். ஊருக்கெல்லாம் கண் பார்த்துச் சொல்கிறவர், பாவம், உடைந்தே போனார்.

கோட்டை ஒட்டவைத்தார். அவளுடைய கருவியில் புது வரைபடத்தை ஏற்றிக்கொண்டு அந்தச் சந்துக்குப் போனார். நான் முதலில் சொன்ன மழை மாலை அன்றுதான்... ஒட்டவைத்த இடத்தைத் தாண்டியதும் பின்னால் மணிச் சத்தம். துருப்பிடித்த சைக்கிள் மணி. 'ட்ரிங்' என்று முழுதாக வராது, 'ட்ரி...' என்று நின்றுவிடும். அக்காவின் மணி. கூடவே செயின் எண்ணெய் வாசனை. திரும்பினால் யாருமில்லை.

அந்தச் சத்தம் வீட்டுத் தெரு வரை வந்தது. கேட்டுக்கு வெளியே நின்றது. அதன்பிறகு தினமும் அப்படித்தான்.

துணைக்குப் படுக்க வந்த மச்சானிடம், அதாவது என் நண்பனிடம், சொன்னார்: "தெரு வரைக்கும் வர்றாடா. உள்ள வர வழி தெரியல அவளுக்கு."

"பேசாம தூங்குங்க அத்தான்."

தூங்கவில்லை. வரைபடத்தில் தெருவிலிருந்து வாசற்படி வழியாகப் படுக்கையறை வரை சின்னதாக ஒரு கோடு வரைந்தார். இந்தத் தடவை பெரிதாக்கிப் பெரிதாக்கி, தொடுகிறதா என்று பார்த்தார்.

கூடத்தில் படுத்திருந்த நண்பன் பாதித் தூக்கத்தில் விழித்தான். மணி தெருவில் கேட்கவில்லை... அவன் தலைமாட்டைத் தாண்டிப் போயிற்று. அறைக்குள் அத்தான் அழுகிற குரல்.

"ரொம்ப சுத்திட்டியா?"

காலையில் பார்த்தால் வாசலிலிருந்து கட்டில் வரை ஈரமாக ஒரு டயர்த் தடம். திரும்பிப் போன தடம் இல்லை.