வழுக்காத கைப்பிடி

வார்னிஷ் பூசிய கைப்பிடி கையில் வழுக்கும், ஐயா. இது உங்களுக்கும் தெரிந்திருக்கும். வியர்த்த கையோடு சுத்தியலை ஓங்கிப் பாருங்கள். ஆணி ஒரு பக்கம் போகும், சுத்தியல் ஒரு பக்கம் போகும்.

அதனால்தான் நான் மரப்பிடிகளைக் கருக்குகிறேன். கேஸ் டார்ச்சின் நீலத் தீயைப் பிடியின் மேல் ஒரே சீராக ஓட்ட வேண்டும். மேல்தோல் மட்டும் கறுக்கும். கம்பி பிரஷ்ஷால் கரியைத் தேய்த்துவிட்டு எண்ணெய் கொடுத்தால் மரத்தின் ரேகைகள் எழுந்து நிற்கும். பிடித்தால் விடாது. எங்கள் பட்டறையில் அண்ணன் இரும்பைப் பார்ப்பார், நான் மரத்தைப் பார்ப்பேன். எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. அண்ணியைக் கேட்டுப் பாருங்கள். அவர் வேறு மாதிரிச் சொன்னால் பெரிதுபடுத்தாதீர்கள்.

போன வாரம் நான் வெளியே போயிருந்த நேரத்தில், அண்ணன் என் கறுத்த பிடிகளையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெளுக்க வைத்து, வார்னிஷ் அடித்து வெயிலில் காயவைத்திருந்தார்.

"என்னண்ணா இது?"

"கொள்ளிக்கட்டை மாதிரி இருக்குன்னு வர்றவங்கல்லாம் சிரிக்கிறாங்கடா. இப்பப் பாரு, பளபளன்னு இருக்கு."

எனக்குக் கோபம் வரவில்லை. நானும் சிரித்தேன்.

மறுநாள் மதியம் அண்ணன் சாப்பிட்டுவிட்டு மாடியில் தூங்கப் போனார். மாடிப்படியின் மரக் கைப்பிடியும் வார்னிஷ்தான். தினமும் அதைப் பிடித்துத்தான் இறங்குகிறார், வழுக்கினால் என்ன ஆவது? கூடப் பிறந்தவனாயிற்றே. டார்ச்சை எடுத்துக் கீழேயிருந்து ஆரம்பித்தேன். கைப்பிடி முடிந்ததும் படிகள் வெளிறித் தெரிந்தன, அவற்றை அப்படியே விட மனம் வரவில்லை. புகை போய்த் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாதென்று முன்பே அவர் அறைக் கதவை வெளியே தாழிட்டிருந்தேன். ஜன்னலுக்குக் கீழே சாத்தியிருந்த ஏணியையும் எடுத்து வைத்துவிட்டேன். அதுவும் மரம்தானே, அடுத்து அதன் முறை.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் கதவைத் தட்டினார். "டேய், என்னடா கருகுது?"

"ஃபினிஷிங்தான்ணா. நீங்க தூங்குங்க."

அவர் எப்போதுமே அவசரக்காரர். ஜன்னல் வழியாகக் குதித்து, பக்கத்து வீட்டுக்காரர் கொடியில் காயப்போட்டிருந்த போர்வைகளையும் இழுத்துக்கொண்டு தரைக்கு வந்து சேர்ந்தார். கால் உடைந்தது. பிறகு தீயணைப்புக்காரர்கள் வந்து தண்ணீரை வாரி இறைத்தார்கள். எண்ணெய் கொடுக்கும் முன் கருக்கிய மரத்தில் ஈரம் படவே கூடாது, ஐயா. தப்பு நடந்தது அங்கேதான். அதை மட்டும் நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை.

மற்றபடி தாழ் போட்டது, ஏணியை எடுத்தது, தீ வைத்தது எல்லாம் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். எனக்கு ஒரே ஒரு கவலை. ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு மர ஊன்றுகோல்கள் கொடுத்திருக்கிறார்களாம். புத்தம் புதுசு, பளபளவென்று வார்னிஷ். வழுக்கி விழுந்துவிடுவார். உங்கள் மேஜை மேல் இருக்கிற அந்த டார்ச்சை ஒரு நிமிஷம் என்னிடம் கொடுங்கள். அண்ணன் ஊன்றுகோலைக் கீழே வைக்கக்கூட வேண்டாம், பிடித்தபடி அசையாமல் நின்றால் போதும்.