வாத்தியார் மீட்டர் வைத்த வண்டி

கார் ஆம்ப்ளிஃபயரில் 'கெயின்' என்று ஒரு சிறு திருகு இருக்கும். அதைச் சத்தம் கூட்டும் குமிழ் என்றே பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அது அப்படியல்ல. பாட்டுப் பெட்டியிலிருந்து வரும் மின்சாரத்தை எந்த அளவுக்குப் பெருக்கலாம் என்று எல்லை வகுப்பது மட்டுமே அதன் வேலை. எல்லையைத் தாண்டிவிட்டால் பாட்டு கரகரக்கும். ஸ்பீக்கரின் சுருள் சூடேறும். சில வேளைகளில் எரியும்.

காவல் ஆய்வாளர் அவர்களே, நீங்கள் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, என்னைச் 'சார்' என்று அழைத்துப் பேசினீர்கள். நீங்கள் எழுதிய அறிக்கையை நான் படித்துப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டீர்கள். படித்தேன். அதில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முப்பத்துநான்கு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகு, பாளையம்பட்டியில் கார்களுக்குப் பாட்டுப் பெட்டி பொருத்தும் கடை வைத்திருந்த என் பழைய மாணவன் சண்முகவேல் ஒருநாள் வந்தான். கெயினைக் காதால் கேட்டே வைப்பதாகவும், மாதம் இரண்டு ஸ்பீக்கர் கருகித் திரும்பி வருவதாகவும் சொன்னான். காது ஒரு கருவியல்ல என்று அவனுக்கு விளக்கினேன். வாட்ஸை ஸ்பீக்கரின் மின்தடையான ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், வரவேண்டிய வோல்ட் கிடைத்துவிடும். நூறு வாட்ஸ், நான்கு ஓம், பெருக்கினால் நானூறு, மூலம் இருபது. முதலில் ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட வேண்டும். பிறகு, ஒரே சீரான ஓசை பதிந்த பென்டிரைவைச் செருகி, ஆம்ப்ளிஃபயரில் மீட்டரின் முனைகளை வைத்து, இருபது வரும்வரை திருகைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான். வெளியே ஒரு முணுமுணுப்புக்கூடக் கேட்காது.

நான்கு ஆண்டுகள் வாரத்துக்கு மூன்று நாள் அவன் கடைக்குப் போனேன். பாலவனத்தத்திலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் வண்டிகள் வரத் தொடங்கின. ஒவ்வோர் ஆம்ப்ளிஃபயரின் மேலும் தேதி, வோல்ட், என் கையொப்பம் ஆகியவை கொண்ட ஒரு சீட்டை ஒட்டுவேன். வண்டியை விற்க வருபவன், "இது வாத்தியார் மீட்டர் வச்ச வண்டிலே, கூடக் குடு" என்று பேரம் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். வேலை நடக்கும்போது, காத்திருப்பவர்களுக்கு நீதிக்கதைகள் சொல்வேன். சண்முகவேலின் மனைவி பாண்டீஸ்வரி, டீ டம்ளரை வைத்துவிட்டுக் கதை முடியும்வரை நின்று கேட்பாள்.

சித்திரை மாதத்தில் மதன்குமார் என்பவரின் கார் வந்தது. அறுநூறு வாட்ஸ், இரண்டு ஓம். வரவேண்டியது முப்பத்துநான்கு புள்ளி ஆறு. வழக்கம்போல் முதலில் கார் பேட்டரியைச் சோதித்தேன். பேட்டரிக்கு மீட்டரின் சுழல்குமிழை நேர்மின் (டி.சி.) பக்கம் வைக்க வேண்டும். கெயினுக்கு மாறுமின் (ஏ.சி.) பக்கம் திருப்ப வேண்டும். அப்போது ஐந்தாறு பேருக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். கதை முக்கியமான கட்டத்தில் இருந்தது. குமிழைத் திருப்பவில்லை. நேர்மின் பக்கத்தில் அந்த ஓசையை அளந்தால் மீட்டர் சுழியத்தைத்தான் காட்டும். காட்டியது. கெயினைக் கூட்டினேன், சுழியம். கடைசிவரை கூட்டினேன், சுழியம்.

எங்கோ பிசகு என்று எனக்குத் தெரிந்தது. எங்கே என்று அந்தக் கணத்தில் தெரியவில்லை. ஐந்தாறு பேர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரியாக வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு, சீட்டில் 34.6 என்று எழுதி ஒட்டினேன்.

அன்று மாலை வீட்டில் மீட்டரை எடுத்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மதன்குமாரின் தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும், வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று அவர் கேட்டிருப்பார். மூன்று நாட்கள், என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். மூன்றாம் நாள், அவர் தம் தாயார் மாயக்காளைத் திருச்சுழி கோயிலுக்கு அழைத்துப் போகும் வழியில், பின்பக்கப் பெட்டியிலிருந்து புகை கிளம்பிக் கார் பற்றிக்கொண்டது. மதன்குமார் குதித்துவிட்டார். பின்னிருக்கையில் இருந்த தாயாரை இழுத்தெடுப்பதற்குள் அந்த அம்மாளின் இரண்டு பாதங்களும் வெந்துவிட்டன. இனி அவரால் நடக்க முடியாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

வயரிங் சரியில்லை என்று பழி சண்முகவேல்மேல் விழுந்தது. வழக்குப் பதிவாயிற்று. மதன்குமார் கருகிய ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து கடை வாசலில் போட்டு, "இந்தா, பங்குனிப் பொங்கலுக்கு இதையே தீச்சட்டியா எடு" என்று சொல்லிவிட்டுப் போனார். கடையை மூட வேண்டியதாயிற்று. வாத்தியார் மீட்டர் வைத்தும் இவன் கெடுத்துவிட்டானே என்று ஊரே பேசியது. அதை நான் மறுக்கவில்லை. அப்போது மறுப்பதற்கு யாரும் என்னிடம் கேட்கவில்லை.

சண்முகவேல் மந்தமான மாணவன் அல்லன். அந்த ஆம்ப்ளிஃபயரைக் கழுவித் துடைத்துப் பார்த்திருக்கிறான். கெயின் கடைசி முனையில் நின்றது. என் சீட்டு பாதி கருகியிருந்தாலும் 34.6 என்ற எண் தெரிந்தது. இந்த இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது.

கடை மூடிய பின், திருச்சுழி சாலையை ஒட்டியிருந்த தன் புஞ்சையில், மோட்டார் அறைக்கு முன்னால் வேப்பமரத்தடியில் மிச்ச வேலைகளைச் செய்துகொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை காலை, ஒரு வண்டிக்கு மீட்டர் வைக்க வேண்டும் என்று சொல்லி என்னை வரவழைத்தான். பஸ்ஸில் போய் இறங்கினேன். வெள்ளைக் கார் ஒன்று நின்றது. அதன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். பக்கத்துச் சீட்டில் அந்தக் கருகிய ஆம்ப்ளிஃபயரும் இருந்தது. அதை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"சார், ஒங்களக் குத்தம் சொல்லலை" என்றான். "குமிழத் திருப்ப மறந்துருப்பீக. யாருக்கும் வாரதுதான். திங்கக்கிழமை ஸ்டேசனுக்குப் போறேன். நீங்களும் கூட வந்து, கை தவறிருச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எம் பொண்டாட்டி ரேசன் கடைக்குக்கூடப் போக மாட்டேங்குறா சார்."

நான் அவனுக்கு ஒரு கதை சொன்னேன். ஒரு கிடையில் நானூறு ஆடுகள். கழுத்தில் மணி கட்டிய கிடாய் ஒன்று முன்னே போகும். மணியோசையை நம்பி மற்றவை பின்னே போகும். ஒரு நாள் கிடாய் வழி தவறி முள்ளுக்குள் இறங்கிவிட்டது. ஒரு கிழ ஆட்டின் கால் கிழிந்தது. எந்த ஆட்டுக்கும் காரணம் தெரியாது. உடைமரத்தில் இருந்த மைனா ஒன்று மட்டும் பார்த்துவிட்டது. மைனா எல்லோரிடமும் சொல்லப்போகிறேன் என்கிறது. சொன்னால் மணியின்மேல் நம்பிக்கை போய்விடும். நம்பிக்கை போனால் நானூறும் நானூறு திசையில் ஓடி நரிகளுக்கு இரையாகும்.

அவன் சிரித்தான். "மணிய அவுத்து வேற ஆட்டுக்குக் கட்டிட்டாப் போச்சு. இதுக்குப் போயி மைனாவ ஏன் சார் வம்புக்கு இழுக்கீக?"

அந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கதைக்குரிய முடிவல்ல.

அவனுடைய மோட்டார் இரண்டு நாளாகத் தண்ணீர் எடுக்கவில்லை. குழாயின் அடியில் பாசி அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன், அதற்குள் நீங்கள் மீட்டர் வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிணற்றில் இறங்கினான். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகள் வழியாக இறங்கும் பழைய கிணறு அது. ஏழாள் ஆழம், அடியில் இரண்டாள் தண்ணீர். நான் பென்டிரைவைச் செருகியிருந்தேன். வயரை இன்னும் கழற்றவில்லை. அப்போது ஒரு கல் பெயர்ந்து விழும் ஓசையும் அவன் விழும் ஓசையும் கேட்டன.

நான் அவனைத் தள்ளவில்லை. கல்லையும் நான் அசைக்கவில்லை. இதைச் சலுகை கேட்டு எழுதவில்லை. துல்லியம் கருதி எழுதுகிறேன்.

எட்டிப் பார்த்தேன். வலது கை ஒடிந்து தொங்கியது. இடது கையால் குழாயைப் பற்றிக்கொண்டு தண்ணீருக்கு மேல் முகத்தை வைத்திருந்தான். "சார், ரூமுல ஆணில கயிறு கெடக்கு. போடுங்க" என்றான். மோட்டார் அறைக்குள் போனேன். கயிறு ஆணியில் இருந்தது, நீளம் போதுமானது. அதைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்தேன்.

நான்கு வயல் தள்ளி இருளாண்டி என்பவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். சண்முகவேலின் குரல் கணீரென்ற குரல்; காற்றும் அந்தப் பக்கமாகத்தான் வீசியது. நான் காரின் நான்கு கதவுகளையும் திறந்து வைத்தேன். கதவு ஸ்பீக்கர்களுக்கு ஆயிரம் ஹெர்ட்ஸ் ஓசையைப் பயன்படுத்துவது முறை. மனிதக் குரலின் நடுவில் விழும் ஓசை அது. ஒரு குரலை மறைக்க அதைவிடப் பொருத்தமானது அரிது. ஒலி என்ற பாடத்தில் அதை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். வயரைக் கழற்றாமலே ஓசையை ஓடவிட்டேன்.

சிறிது நேரத்தில் இருளாண்டி காதைப் பொத்திக்கொண்டு வரப்பு வழியாக வந்தார். கிணற்றுக்கும் அவருக்கும் இடையில் இருபதடி இருந்திருக்கும். நான் எழுந்து நின்றேன், ஓசையை நிறுத்தவில்லை.

"என்ன வாத்தியாரய்யா, காதுக்குள்ள கம்பிய விடுத மாதிரி இருக்கு. ஆடு பூராம் மெரண்டு ஓடுது" என்று கத்தினார்.

"மீட்டர் வைக்கிறேன் அண்ணாச்சி. இன்னும் கொஞ்ச நேரந்தான்."

"சம்முவேலு எங்க?"

"டவுனுக்குப் போயிருக்கான்."

"அவன் பைக்கு இங்கனதான நிக்கி?"

"பஸ்ஸுல போயிருக்கான்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். என் கையில் மீட்டர் இருந்தது. "நீங்க சொன்னாச் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓசையை நிறுத்திக் கேட்டேன். முதல் முறை, கயிற்றைப் போடச் சொன்னான். கை மரத்துப்போகிறது என்றான். இரண்டாம் முறை, "சார், நான் போகலை சார். யார்ட்டயும் சொல்லலை. எங்க அம்மா சத்தியமா" என்றான். அவன் நல்லவன், அதை மனதாரத்தான் சொல்லியிருப்பான். ஆனால் உயிருக்குப் பயந்து செய்த சத்தியத்தை மனைவி அழும்போது காப்பாற்றுவது கடினம். அந்தச் சுமையை அவன்மேல் ஏற்ற நான் விரும்பவில்லை. மூன்றாம் முறை, பாண்டீஸ்வரியின் பெயரைச் சொன்னான். நான்காம் முறை ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாம் முறையும் நிறுத்திக் கேட்டுவிட்டு உறுதி செய்துகொண்டேன்.

பிறகு ஸ்பீக்கர் வயரைக் கழற்றினேன். குமிழை மாறுமின் பக்கம் வைத்தேன். இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். நூறு வாட்ஸ், நான்கு ஓம். இருபது வோல்ட் சரியாக வந்தது. சீட்டு எழுதி ஒட்டினேன். கருகிய ஆம்ப்ளிஃபயரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அது இப்போது என் வீட்டுப் பரணில் இருக்கிறது.

கல்படி பெயர்ந்து விழுந்த சாவு என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். பதினாறாம் நாள் காரியத்தில் இருளாண்டி அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னபோது, பாண்டீஸ்வரி எழுந்து நின்றதாகக் கேள்விப்பட்டேன். உங்களிடம் அவள் சொன்னதை அறிக்கையில் அப்படியே எழுதியிருக்கிறீர்கள்: "சார் மீட்டர் வைக்கிறப்ப வண்டி ஊமையாத்தான் இருக்கும். நாலு வருசமா டீ குடுத்துருக்கேன், எனக்குத் தெரியாதா?" நல்ல கவனிப்பு. அவள் என்னிடம் படித்திருந்தால் நன்றாக வந்திருப்பாள்.

அதன் பிறகு நீங்கள் எழுதியிருப்பதுதான் பிழை. "அறுபத்தேழு வயதான ஆசிரியர், முதுமை மறதியால் ஸ்பீக்கர் வயரைக் கழற்றத் தவறிவிட்டார். சண்முகவேல் கிணற்றில் இறங்கியதையும் மறந்து, அவர் நகருக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். கூப்பிட்ட குரல் ஓசையில் அவருக்குக் கேட்கவில்லை." என்மேல் இரக்கம் கொண்டு எழுதியிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. ஆனால் என்னிடம் மூவாயிரம் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். செய்முறையின் முதல் படியையே மறந்துவிட்டவர் என்று என்னைப் பற்றி ஓர் அரசு ஆவணம் சொல்லக்கூடாது. நான் மறக்கவில்லை. வயரை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். அவன் கூப்பிட்டதைக் கேட்டேன். அவன் சாகும்வரை காத்திருந்தேன். இதை யாரிடம் வேண்டுமானாலும், எந்த நீதிமன்றத்திலும் நீங்கள் படித்துக் காட்டலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். மதன்குமாரின் வண்டியில் மீட்டர் சுழியம் காட்டியதைப் பற்றி நான் எழுதியிருக்கும் பகுதியை மட்டும், உங்களுக்குச் சிரமமில்லையென்றால், நீக்கிவிடுங்கள். அந்த வழக்கு சண்முகவேலின் பெயரிலேயே முடிந்துபோகட்டும். அவனுக்கு இனி அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.